இங்க ஒரு மூக்கு

உள்ளறையில் குழந்தை இருமியது. ஜன்னல் ஓரமாக மெழுகுவர்த்தியை நகர்த்தி, சுடர் எங்கே சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பசைக்காரி உள்பக்கம் திரும்பினாள். இருமுவது அவளுடைய பேரன். அவனை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் அவள் பசைக்காரிதான். கதவு, ஜன்னல் சந்துகளில் பசை வைத்துக் குளிர்காற்றை அடைப்பது இருபத்தாறு வருடப் பிழைப்பு. அதில்தான் ஒற்றை மகளைப் படிக்க வைத்தாள். கல்யாணத்துக்கு முன்பு மகள் போனில் சொன்னாள்: "எனக்கு அம்மா இல்லைன்னு அவங்க வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். வந்து நின்னுடாதே."

அவள் போகவில்லை. இன்று, குழந்தைக்குச் சளி, வீட்டுக்குள் காற்று வருகிறது என்று யாரோ ஓர் அம்மாள் கூப்பிட்டாள். வந்து பார்த்தால், கதவைத் திறந்தது மகள்.

"செருப்பை வெளிய விடுங்க" என்றாள் மகள், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதைப்போல.

கூப்பிட்டது மகளின் மாமியார். அவளுக்கு வாய் ஓயாது. "ஏம்மா, பசைத் துப்பாக்கியும் கையுமா நிக்கிறியே, கொள்ளையடிக்க வந்தியா?"

"இந்த வீட்ல சளியைத் தவிர என்னம்மா இருக்கு எடுக்க?"

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் தைரியத்தில் பசைக்காரி கேட்டுவிட்டாள்: "குழந்தையை ஒரு தடவை பாக்கலாமாம்மா?"

"அதுக்கென்ன, பாரேன்!"

"முதல்ல வேலை முடியட்டும், அத்தை" என்றாள் மகள்.

ஏழு ஜன்னல்கள். ஈரச் சுண்டுவிரலால் ஒவ்வொரு கோட்டையும் வழித்துவிட்டாள். கடைசியாக வாசல் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, நிலையைச் சுற்றிலும் பசை வைத்தாள். சரிபார்க்க மகள் மெழுகுவர்த்தியை வாங்கினாள். கீழ் மூலையில் சுடர் சாய்ந்தது.

"இங்க ஒரு மூக்கு!"

சொன்ன பிறகுதான் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறு வயதில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி பிடித்தபோது, காற்று விடும் சந்துக்கு அவளே வைத்த பெயர். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும்.

"மூக்கா? அது என்னடி?" என்றாள் மாமியார்.

மகளின் முகம் வெளுத்தது. பசைக்காரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். பெற்ற வயிறு விடுமா?

"நான்தாம்மா இப்ப சொல்லிக் குடுத்தேன். எங்க தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம்."

பசைக்காரி பசைத் துப்பாக்கியை எடுத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள், ஆசையோடு.

"பாத்தீங்களா அத்தை, மூலையை விட்டுட்டு முடிஞ்சதுங்கறாங்க. இனிமே இவங்களைக் கூப்பிடாதீங்க. இந்தக் கையால குழந்தையை வேற தொடணுமாம்."

மாமியாரின் சிரிப்பு நின்றது. "குழந்தை தூங்குதும்மா. இன்னொரு நாள் பாரு."

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

பசைக்காரி குனிந்து மூலையை அடைத்து, வழித்துவிட்டு, செருப்பை மாட்டினாள். மகள் கதவைச் சாத்தினாள். பசைக்காரி காதை வைத்துக் கேட்டாள். அழுகை கேட்கவில்லை. கீழே கையை வைத்துப் பார்த்தாள். துளிக் காற்று வரவில்லை.