ஆறு மணிக்குப் புல் வெட்டு

மங்கோலியாக்காரர் தாவா எங்கள் தெருவுக்குக் குடிவந்தது ஜூன் மாதத்தில். மழைக்காலமாகப் பார்த்து வந்தாரே மனிதர்! காய்ந்த புல்வெளியில் வளர்ந்தவருக்கு ஜப்பானில் எங்கள் கோச்சியின் புழுக்கம் எப்படி ஒத்துக்கொள்ளும்? பத்தே நாளில் அவருடைய தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பிடித்தது. காலணிக்குள் பூரான். வாசலில் செத்துக் கிடந்த சில்வண்டை எடுக்கக் குனிந்தால், அது விருட்டென்று முகத்திலேயே பாய்ந்தது. அவர் போட்ட கூச்சலில், எதிரே என் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரியும் கையுமாக ஓடினேன்.

“இந்த ஊர்ல செத்தது கூட சும்மா இருக்காதா, நிஷிமோரி சான்?” என்று என்னைக் கேட்டார், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

அப்படிப்பட்டவர் ஒன்றுக்கு மட்டும் ஆசைப்பட்டார். வயல் பூச்சிகளை விரட்ட ஜூலையில் நாங்கள் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போவோம். முன்னால் பெரிய மேளம் போகும். அதை அடித்துவந்த ஒகபயாஷிக்குத் தோள்பட்டை போய்விட்டது.

“எனக்குக் குடுப்பாங்களா? பூச்சிங்கள ஒரு தடவையாவது நான் விரட்டணும்!”

ஆனால் வாய்க்கால் கரையில் எல்லோரும் சேர்ந்து புல் வெட்டும் ஞாயிறன்று, தெரு அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தபடி டாண் என்று காலை ஆறு மணிக்கு வந்து நின்றார். நாங்கள் முடித்துவிட்டு பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். “பரவாயில்ல, பரவாயில்ல” என்று எல்லோரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அவருக்கு எங்கே தெரியும்? தாமதமாக வந்தவருக்கு யார் தருவார்கள்? அந்த வருடம் மேளம் கோயிலிலேயே கிடந்தது.

அடுத்த வருடம் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“ஆறுன்னா அஞ்சரை, தாவா சான்.”

“அப்போ அஞ்சரைன்னு எழுத வேண்டியதுதானே?”

“எழுதினா அஞ்சுக்கே வந்துடுவாங்களே!”

அவர் திருதிருவென்று விழித்தார்.

புல் வெட்டும் ஞாயிறன்று ஐந்தரைக்கு முப்பது பேர் அரிவாளோடு போனோம். வெட்டப் புல்லே இல்லை. கரை முழுக்க மொட்டைத் தலை மாதிரி கிடந்தது. நடுவில் தாவா, வியர்வையில் குளித்து, உடம்பெல்லாம் கொசுக்கடித் தடிப்போடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கே வந்துவிட்டாராம்.

எங்கள் தெருச் சங்கத் தலைவர் குவாபாராவுக்கு முகம் கடுகடுத்தது. “எல்லாரும் சேர்ந்து வெட்டத்தானே இந்த நாளே? நீங்களே வெட்டிட்டா நாங்க எதுக்கு? இப்படிப்பட்டவர்கிட்ட மேளத்தை எப்படிக் குடுக்கறது?”

தாவாவின் சிரிப்பு போயே போய்விட்டது. “மறுபடியும் தப்பா?” என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முப்பது வருஷமா பலகையில ஆறுன்னு எழுதறது நான். அஞ்சரைக்கு வர்றது நாம. இதுல அவர் தப்பு என்ன?”

ஒருவர் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒகபயாஷிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

“அறுபத்தெட்டு வயசுல இன்னிக்குத்தான் புல்லு வெட்ட லேட்டா வந்திருக்கேன், குவாபாரா. நீயும்தான்!” யாரிடமாவது ஒப்படைக்கவென்று இடுப்புத் துண்டில் செருகி வந்திருந்த மேளக் கோல்களை உருவித் தாவாவிடம் நீட்டினார். “வா கோயிலுக்கு. அடிச்சுக் காட்டு.”

ஓடினோம். ஆமாம், அந்தப் புழுக்கத்தில், ரப்பர் பூட்ஸோடு, முப்பது பேரும்! தாவா கோல்களை ஓங்கி இறக்கினார். என் நெஞ்சே அதிர்ந்தது. இரண்டாவது அடியில், மரங்களில் காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் அத்தனையும் கப்சிப்பென்று அடங்கின.

“விடாதே! அடி! இன்னும் அடி!”

கத்தியது குவாபாரா.