பேட்டரி இல்லாத டாக்சியின் ஹார்ன்

சிரிக்கிறதா இருந்தா இப்பமே சிரிச்சு முடிச்சிரும், நடுவுல சிரிச்சீருன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். பேய், பிசாசு, குறி கேக்கிறது, ஒரு எழவையும் நம்பாதவன் நான். தாராவியில மோட்டார் பேட்டரிக்குச் சார்ஜ் போடுற கடை வச்சிருந்தவன்லா. ஒயரு அத்துப்போனா லைட்டு எரியாது, பேட்டரி இல்லைன்னா ஹார்ன் அடிக்காது, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அறுபத்தஞ்சோ அறுபத்தாறோ, வருசம் சரியா ஞாபகமில்ல. மத்ததெல்லாம் ஞாபகமிருக்கு, அதான் எழவு.

எந்தங்கச்சி செல்லக்கனி புருசன் தங்கவேலு டாக்சி ஓட்டுனான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, சயான் பக்கத்துல முன்னால போன லாரிக்காரன் திடீர்னு பிரேக் போட, இவன் பின்னால கொண்டுபோய்ச் சொருகிட்டான். ஸ்டீரிங் நெஞ்சுல சாத்திட்டு. ஆனா பாத்துக்கிடும், ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. தானே நடந்து கோலிக்கு வந்தான், கோலின்னா அங்க ரூமு, எல்லாரும் அந்த ஒத்த ரூமுலதான் இருந்தோம். சட்டையக் கழட்டினா நெஞ்சுல வட்டமா செவந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாண்ணே"ன்னு செல்லக்கனி கேட்டா. இந்தப் படுபாவிதான், "ரத்தமே வரல, எதுக்குளா ஆஸ்பத்திரி? அடிபட்ட எடத்துல வாயு பிடிச்சிருக்கும்"னேன். நம்ம ஊர்க்காரனுக்கு நெஞ்சுல எது வந்தாலும் வாயுதானவே! ஓமத்தண்ணி குடுத்தோம். வேப்பெண்ணெயக் காய்ச்சி நீவிவிட்டோம். அழுத்தி நீவினதும் நான்தான்.

வண்டிய நாலு பேரு தள்ளிக்கொண்டாந்து சந்து மொனையில நிறுத்தியிருந்தாங்க. ஹார்ன் பட்டன் நொறுங்கி ஒயரெல்லாம் வெளிய தொங்குது. பேட்டரிய விட்டுவச்சா சாயங்காலத்துக்குள்ள எவனாவது கழட்டிட்டுப் போயிருவான், அது அங்க வழக்கம். அதனால நானே கழட்டிக் கொண்டாந்து, தங்கவேலு படுத்திருந்த கட்டிலுக்கு அடியில தள்ளிவச்சேன்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். ஹார்ன் அடிக்கி. விட்டு விட்டு, ஒரே சீரா. அவன் வண்டி ஹார்னுதான், நான் மாட்டிக் குடுத்தது எனக்குத் தெரியாதா? ஓடினேன். வண்டிகிட்ட ஒரு ஆளு இல்ல, சத்தமும் நின்னுட்டு. பக்கத்துக் கோலி மராட்டிக்காரி வாசலுக்கு வந்து, மனுசன் படுக்கவேண்டாமா, எதுக்கு இந்த அடி அடிக்கேன்னு ஹிந்தியில சண்டைக்கு வாறா. அப்பம் அவளுக்கும் கேட்டிருக்குல்லா? பானெட்டத் தூக்கிப் பாத்தேன். பேட்டரி எடம் வெறுமனே கெடக்கு.

திரும்பி நாலு எட்டு வச்சேன், மறுபடி அடிக்கி. ஓடிப்போனா நின்னுருது. இப்படி அஞ்சாறு தடவ. எவனோ வேற பேட்டரிய வச்சு நம்மகிட்ட விளையாடுதான்னு எனக்கு மண்டைக்கு ஏறிட்டு. வர வர சத்தமும் மாறிட்டு. ஹார்ன் வாயில துணியத் திணிச்சமாதிரி அமுங்கி, எங்கயோ தூரத்துல கேக்கமாதிரி, ஆனா வேகம் மட்டும் கூடிக்கிட்டே போவுது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஸ்பானர எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் செவுத்தோரமா ஒளிஞ்சு நின்னேன், கள்ளப்பயலப் பிடிக்கதுக்கு! உள்ள ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான், நான் வண்டிக்குக் காவல் காக்கேன். நெனச்சா என்னையவே செருப்பக் கழட்டி அடிக்கணும்போல இருக்கு.

செல்லக்கனி அலறிக்கிட்டு ஓடியாந்தா. "அண்ணே, வேத்துக் கொட்டுது, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சு நிக்கி!" இன்னொரு டாக்சியில அள்ளிப்போட்டுக் கொண்டுபோனோம். வழியில தங்கவேலு என்கிட்ட ஒண்ணு கேட்டான், அதக் கடைசியில சொல்லுதேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் கொழாய நெஞ்சுல வச்ச உடனே மொகம் மாறிட்டு. நெஞ்சுல ஊசியக் குத்தி ரத்தத்த உறிஞ்சி எடுத்துப் பாத்தாரு. அப்புறமா வெளிய வந்து, "ரத்தம் வரலன்னு யாருய்யா சொன்னது? எல்லாம் உள்ள வந்திருக்கு. இதயத்தச் சுத்தி ஒரு பை இருக்கு, அதுல ரத்தம் ரொம்பி இதயத்த விரியவிடாம அமுக்கிட்டு. துணியப் பொத்தினமாதிரி எங்கயோ தூரத்துலல்லா துடிப்புச் சத்தம் கேட்டுது. ஒரு மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்"னாரு. எந்த ஒரு மணி நேரம்னு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எங்க போயி அதச் சொல்ல? யாருகிட்டச் சொன்னாலும், ஆளு போன துக்கத்துல ஒளறுதான்னுட்டாங்க. அந்த மராட்டிக்காரிகூட பிற்பாடு வாயே தொறக்கல.

பதினாறு கழிஞ்சு கட்டிலுக்கு அடியில இருந்து பேட்டரிய எடுத்து மீட்டர் வச்சுப் பாத்தேன். விபத்துக்கு மொத நாளுதான் நானே முழுசா சார்ஜ் ஏத்திக் குடுத்தது. நம்புனா நம்பும், நம்பாட்டிப் போம், பொட்டுக் கரண்டு இல்ல.

அதக்கூட விட்டிருவேன்வே. பேட்டரின்னா எறங்கும், நூறு காரணம் சொல்லலாம். அந்த டாக்சியில என் மடியில தலைய வச்சுக்கிட்டு அவன் கேட்டானே, அதத்தான் விடமுடியல.

"ஏன் மச்சான், அவ்வளவு நேரம் அடிச்சேனே, உமக்குக் கேக்கலியா?"

"இல்லியே மாப்ளே, ஒண்ணும் கேக்கலியே"ன்னுட்டேன்.

"அப்பம் சரி, கேட்டும் வராம இருந்துட்டீரோன்னு நெனச்சேன்"னு சொல்லிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டான்.