ஏக்கத்தோடு உட்கார்ந்திருத்தல்

என் மகள் கட்டாருக்கு வேலைக்குப் போன கொஞ்ச நாளில் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஒப்பந்தம் முடியாமல் அவளால் வர முடியவில்லை. சாயங்காலம் போனில் முகம் காட்டுவாள். சிரித்துப் பேசுவேன். வைத்ததும், அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டால் போதும் என்று கிடந்து தவிப்பேன்.

ஹந்தானையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கணவர்தான் தன் த்ரீவீல் ஆட்டோவில் கூட்டிப்போவார். மருந்து ஏற்றும் நாட்களில் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு சிங்களப் பெண் வருவார். பாடசாலையில் சங்கீதம் படிப்பிப்பவர். கிட்டத்தட்ட என் வயதுதான். நான் அக்கா என்றேன், அவர் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்றார். டவுனில் துணிக்கடையில் நின்று பழகிய சிங்களம் எனக்குப் பேசப் போதுமாக இருந்தது.

மருந்து ஏறத் தொடங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். ஒருநாள் வாந்தியெடுத்து ஓய்ந்து கிடந்தபோது, என்ன ஓதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஓதல நங்கி. நான் சுகமா இருக்கணும்னு நினைக்கிறேன். அப்புறம் எனக்குப் பிரியமானவங்க. அப்புறம் இந்த வார்ட்டில இருக்கிற எல்லாரும். உடம்புக்கு வந்த நோய் மனசுக்கும் வரணும்னு இல்லையே. அதைத்தான் புத்தர் சொல்லித் தந்தார்."

அன்றைக்கு நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். 'நான் சுகமாக இருக்க வேண்டும்' என்று எனக்காக நான் நினைத்ததே அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

வீட்டில் காலையில் அப்படி உட்காரத் தொடங்கினேன். கணவருக்கு மனம் ஒப்பவில்லை.

"ஏன், நம்ம முருகன் போதாதா ஒனக்கு?"

"முருகன்கிட்ட கேக்க வேண்டியத கேட்டுட்டுத்தாங்க இருக்கேன். இதுல எதையும் கேக்கல. சும்மா உக்காந்திருக்கேன்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகையில், அவர் புத்தரின் தலதா மாளிகைப் பக்கம் வண்டியை நிறுத்தி, மானெல் அல்லிப்பூ ஒரு கட்டு வாங்கி என் மடியில் வைத்தார். "கும்பிட்டுட்டு வா. நான் இங்கன நிக்கிறேன்" என்றார்.

ஆனாலும் கண்ணை மூடினால் மகள் முகம் வந்துவிடும். அதற்குமேல் ஒன்றும் ஓடாது. அக்காவிடம் கேட்டேன்: "ஆசைதான் துக்கத்துக்குக் காரணம்னு சொல்றீங்க. என் புள்ளைய பாக்கணும்ங்கிற ஆசைய நான் எப்படிக்கா விடுவேன்?"

அவர் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் விடத் தெரியல நங்கி. என் மகள் கெம்பஸ்ல படிக்கப் போறதைப் பார்க்கணும்னு கிடக்கிறேன். ஏக்கம் வந்தா, வந்திருக்குன்னு மட்டும் சொல்லிக்குவேன். விரட்டமாட்டேன். அது பின்னால ஓடவும் மாட்டேன். முடிஞ்ச நாள்ல விடுவேன். இன்னைக்கு முடியல."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். எல்லாம் கற்றுத் தெளிந்தவர் என்று நான் நினைத்திருந்தவரும் என்னைப்போலவே தவிக்கிறார் என்று தெரிந்தபோதுதான், அந்தப் போதனை எனக்கும் ஆகும் என்று நம்பிக்கை வந்தது.

எனக்கு மருந்து முடிகிற சமயத்தில் அவர் வருவது நின்றது. அவர் நம்பருக்கு அடித்தேன்; எடுத்த அவர் தங்கை, அக்கா போய்விட்டார் என்று அழுதார்.

மூன்றாம் மாதம் பிக்குகளுக்குக் கொடுக்கும் தானத்துக்குக் கலகெதரவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். பிக்குகள் பிரித் மந்திரம் ஓத, அக்காவின் மகள் கெண்டியிலிருந்து கோப்பையில் தண்ணீர் வார்த்தாள். நிரம்பி வழிந்தது. தாய்க்குப் புண்ணியம் போய்ச் சேரட்டும் என்று வார்ப்பது. என் கணவர் என் பக்கத்தில் கைகூப்பி நின்றார். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அம்மா உங்களைப் பற்றிச் சொல்வார்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதைக்கு உடம்பு சுகம் என்கிறார்கள். பரிசோதனைக்குப் போய்வருகிறேன். மகள் வருகிற தீபாவளிக்கு வருவதாகச் சொல்கிறாள். காலையில் மலையில் மூடுபனி கலைகிற நேரம் கதிரையில் உட்காருகிறேன். எனக்கு, மகளுக்கு, கலகெதரப் பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டு போகிறேன். நடுவில் அக்காவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கும். வந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.