கேட்கும் முன்பே ஒரு பதில்

டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் முன்பே வின்சென்ட் சொல்லிவிடுகிறார்: "சீனி கம்மி, ஆத்த வேணாம், பார்சல் இல்ல, வடையும் வேணாம்." கடைக்காரர் தங்கபாண்டி வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான்: "கம்பம், ஒண்ணு, சில்லற இருக்கு." கேள்வி என்று ஒன்று எதிரில் வந்து நின்றாலே அவருக்கு ஆகாது.

தொழில் அப்படி. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தலைப் பார்த்த ஓர் அறையில் இருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர் கணினிகளைத் தயார் செய்கிறார். எதை ஏற்ற வேண்டும், எப்படி அமைக்க வேண்டும் என்று கட்டளைகளை வரிவரியாக எழுதி ஒரு ஸ்கிரிப்ட் ஆக்கிவிடுவார். பிறகு சுண்டுவிரலால் என்டரை ஒரு தட்டு. மிச்சத்தை ஆளில்லாமலே மெஷின்கள் செய்துகொள்ளும். நடுவில் அவை கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யானைக்கும் அடி சறுக்கும். போன வருடம் ஸ்கிரிப்டை ஓடவிட்டு மாதா கோயில் தேருக்கு நிம்மதியாகப் போனார். ஒரே ஒரு கேள்வியை மறந்திருந்தார். முதல் சர்வரே "தொடரலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. விடிந்ததும் அந்தக் கம்பெனியை நம்பிய மருந்துக்கடைகளில் பில் போட முடியவில்லை. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்க வேலைய என்னால காப்பாத்த முடியாது," என்றார் மேலாளர் கயல். கத்தித் திட்டியிருந்தால் தேவலை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவர் நேர்மாறு, அடுப்பை விட்டு நகர்வதே இல்லை. ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் கண் எரியத் திரையின் முன் உட்கார்ந்து, "ஏலே, எதையும் கேக்காத, போயிக்கிட்டே இரு," என்று கெஞ்சுகிறார். மகள் ஜாய்ஸ் ஆண்டுவிழாவில் ஆடியதைக்கூட வீடியோவில்தான் பார்த்தார். மனைவி மெர்லினுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா தோட்டத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர மாட்டிட்டு, கரண்டு வந்தா அதுவா ஓடும்னு கொறட்ட விடுறாக. நீங்க என்னடான்னா தானா ஓடுறதுக்கு இங்கனயே காவ காக்குறீக!"

வின்சென்ட் சிரித்து வைப்பார். அலுத்துப்போய்விட்டது அவருக்கு. பாவம், அதை யாரிடம் சொல்ல?

ஜாய்ஸ் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை ஞாயிறு வந்தது. அதே காலையில் சர்வர் வேலையும் வந்தது. வெள்ளை உடுப்போடு அறை வாசலில் நின்று, "நீங்க வருவீகளாப்பா?" என்றாள்.

முன்கூட்டியே பதில் எழுதி வைக்காத கேள்வி. திரையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதி வைத்த பதில்களை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். என்டரைத் தட்டினார். போனை அங்கேயே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

கோயிலில் சாமியார் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறோம்."

"கடவுளை விசுவசிக்கிறீர்களா?"

ஒவ்வொரு கேள்விக்கும், சபை வாய் திறக்கும் முன்பே, முன்பெஞ்சின் விளிம்பில் வின்சென்டின் சுண்டுவிரல் ஒரு தட்டுத் தட்டியது. மெர்லின் பார்த்தாள். அந்த விரலைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.