கண்ணாடி எடுத்து வரப் போனவள்

சீல்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க்கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். அலுவலகங்களுக்கு ரப்பர் முத்திரை வெட்டித் தருவது தொழில். ரப்பரில் எழுத்தைத் திருப்பி எழுதினால்தான் காகிதத்தில் நேராக விழும். முப்பது வருடமாக மேலாளர், தலைமையாசிரியர், மருத்துவர் என்று எத்தனையோ பேரைத் திருப்பி நிறுத்திச் செதுக்கிய கை அது.

கைதான் பேசும், வாய் பேசாது. சமையல் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார். பெண்டாட்டிக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

போன வாரம் அவள் தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஊர்ல இருக்கிறவங்க பேரெல்லாம் வெட்டித் தர்றீங்க. இருபத்தஞ்சு வருஷத்துல எனக்குன்னு ஒரு வரி எழுதினதில்ல."

சண்டைக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது.

கல்யாண நாளன்று மதியமே கடையின் ஒற்றைக் கதவைச் சாத்திவிட்டு வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்தார். மிச்ச ரப்பரில் ஒரு பூவும் ஒரு கத்தரிக்கோலும் வெட்டினார். சிவப்பு மையில் பூ, நீல மையில் கத்தரிக்கோல், சுற்றிலும் பசை தடவித் தங்க நிற ஜிகினாத் தூள். தூளில் பாதி அட்டையில் ஒட்டியது, மீதி மீசையில்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மைத்துனன் எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, நாடகத்துல நடிக்கக் கிளம்பிட்டீங்களா?"

"போடா, போய் உன் வேலையப் பாரு."

எழுத வேண்டியதை மூன்று நாளாக மனதுக்குள் உருப்போட்டிருந்தார். ஒரே மூச்சில் எழுதி மடித்தார்.

மாலையில் அட்டையைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவள் பிரித்தாள். நெற்றி சுருங்கியது. பிடிக்கவில்லையோ என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்" என்று அட்டையோடு உள்ளே போனாள். வரக் கொஞ்சம் நேரமானது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது; ஜிகினா உறுத்தியதாம்.

"என்னங்க எழுத்து இது? எல்லாம் திரும்பிக் கிடக்கு!"

வாங்கிப் பார்த்தார். பகீரென்றது. பழக்க தோஷம்! ரப்பரில் எழுதுகிற நினைப்பிலேயே கை அத்தனையையும் திருப்பி எழுதியிருந்தது. அவர் கண்ணுக்கு எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

"வேற எழுதித் தர்றேன்."

"அதெல்லாம் வேண்டாம். எழுதினவரே படிங்க."

தப்பிக்க வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மை இல்லாத முத்திரையை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் விழாது. நீ இல்லாமல் நானும் அப்படித்தான்."

"இன்னொரு தடவை" என்றாள்.

படித்தார். இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை சவரம் செய்யச் சுவர்க் கண்ணாடி முன் நின்றார். அதன் நடுவில், அட்டையின் அகலத்துக்கு, தங்க நிற ஜிகினா ஒட்டியிருந்தது. முந்தின நாள் அவள் எந்தக் கண்ணாடியைச் சொன்னாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"அடி கள்ளி!" என்றார் வாய்விட்டு.

"என்னது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க!"