புகைபோக்கி மறைத்த பகல்

திண்டிவனத்தில் அப்பா வைத்திருந்த டிடிபி கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். தீர்த்தம் கீபோர்டில் விழுந்துவிடும் என்று அப்பா தன் தோள் துண்டை எடுத்து அதன்மேல் விரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த கம்ப்யூட்டர் வாரத்துக்கு ஒருமுறையாவது திரை கறுத்து நின்றுவிடும். பெட்டியைத் திறந்து ரேம் அட்டையை உருவி, அதன் பொன்னிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் உயிர் வரும். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் நின்றுகொண்டிருக்கும்போது அந்த வேலையை அப்பா என்னிடம் விட்டுவிடுவார்.

பிறகு மின் பொறியியல் படித்தேன். சரக்குக் கப்பலில் மின் அதிகாரியாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்குக் கடல் என்றால் பொம்மையார்பாளையத்து மணலில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையைத் தோலுரித்துத் தின்றுவிட்டுப் பேருந்து ஏறுவதுதான். இருந்தும் அப்பா என்னைத் தடுக்கவில்லை.

இந்தியக் கப்பல்காரர்கள் மின் அதிகாரியை 'பத்தி சாப்' என்பார்கள். பத்தி என்றால் இந்தியில் விளக்கு. நான் 'பத்தி மேடம்'. விளக்கோடு நின்றால் பரவாயில்லை. கேப்டனின் பிரிண்டர், சாப்பாட்டு அறை டிவி, சமையற்காரரின் அடுப்பு, யாரோ கடவுச்சொல்லை மறந்த மடிக்கணினி, எல்லாம் என் தலையில்தான். உதிரிபாகம் கேட்டால் அலுவலகம் தராது. தராததால் முடியாத வேலை, அவர்கள் கணினியில் என் பெயருக்கு நேரே சிவப்பாக நிற்கும். மோட்டாரைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள். அதே மோட்டார் மறுபடி நின்றால் நான் பொருத்தியதில்தான் கோளாறு என்பார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னதில்லை. அதனால் என் தங்கையும் கப்பலுக்கு வர ஆசைப்பட்டாள். கடல்சார் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தபோது நான் ஆப்பிரிக்கக் கரையில், ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலில் இருந்தேன். மறுநாள் மாலை ஐந்துக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். அதற்கான ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும். அப்பா ஒரு நிபந்தனை போட்டாராம். தங்கை குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா பேசட்டும், கப்பல்ல நல்லாத்தான் இருக்கேன்னு அவ வாயால சொல்லட்டும், அப்பறம் நம்பர் சொல்றேங்கறாரு. மெசேஜ்லாம் வாணாமாம். குரலைக் கேட்டா பொய்யா நெஜமான்னு அவருக்குத் தெரிஞ்சிடுமாம்."

இயந்திர அறையிலிருந்து ஏறி வந்து நான் அதைக் கேட்டபோது ஊரில் எல்லாரும் தூங்கியிருப்பார்கள். காலையில் கூப்பிடுகிறேன் என்று பதில் போட்டேன். தூங்குவார்கள் என்பது ஒரு காரணம். என்ன சொல்வது என்று எனக்கே தெரியாதது இன்னொரு காரணம். படுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். பிரிண்டர்கள் ஒரு பக்கம். இந்த இருபத்தைந்து வயதில் யாரிடமும் கேட்காமல் நானே முடிவெடுக்கும் வாழ்க்கை மறுபக்கம். விடியும்போது 'போகட்டும்' என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

எங்கள் கப்பலில் இணையம் மேல்தளத்து ஆன்டெனாக் குமிழ் ஒன்றின் வழியாக வரும். குமிழுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே புகைபோக்கி வந்துவிட்டால் ஒன்றும் வராது. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நீரோட்டத்தோடு சுற்றும். எந்தப் பக்கம் திரும்பும்போது சிக்னல் போகும், எப்போது வரும் என்று கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். அதன்படி காலை முழுக்க சிக்னல் இருந்திருக்க வேண்டும்.

காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சரக்கை இறக்கிவிட்டு உயரமாக மிதந்த காலிக் கப்பல், நீரோட்டத்தை விட்டுவிட்டுக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. புகைபோக்கி சரியாக நடுவில். குமிழில் எந்தக் கோளாறும் இல்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான், செய்வதற்கு ஒன்றுமில்லை.

கேப்டனிடம் போனேன். இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டினால் கப்பல் திரும்பும். ஆனால் கீழே பிஸ்டனைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அவர் நல்ல மனிதர். அவசரத்துக்கென்று இருந்த இன்னொரு செயற்கைக்கோள் போனை எடுத்துக் கொடுத்தார். அது எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை செய்யும். அப்பாவின் எண்ணை அழுத்தினேன். மணி போயிற்று. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். கட் செய்தார். மூன்றாவது முறை அணைத்தே வைத்துவிட்டார். தெரியாத வெளிநாட்டு எண்ணை எடுக்காதீங்க, மோசடிக்காரங்க ஓடிபி கேப்பாங்க என்று விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவருக்குப் பாடம் எடுத்தவள் நான். தங்கையின் எண் எனக்கு மனப்பாடமில்லை. அது என் போனில் இருந்தது. போனைக் கொண்டு வர ஓடினேன். அவள் எண் பிஸியாகவே இருந்தது. என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

ஊரில் ஐந்து மணியானபோது எங்களுக்கு மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது.

காற்று தணிந்து கப்பல் திரும்ப எங்கள் நேரம் மூன்று மணியாயிற்று. தங்கையின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. 'அக்கா இருக்கியா', 'ஜல்தியா எடு', கடைசியில் வெறும் புள்ளி. கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"எங்கம்மா போன? எத்தினி வாட்டி கூப்பிட்டா இவ."

"சிக்னல் இல்லப்பா."

"அதாம்மா நானும் சொல்றேன். நாளிக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா ரெண்டு பேருமே சிக்னல் இல்லன்னு சொல்லிக்கினு இருப்பீங்க." கோபமாகச் சொல்லவில்லை. "ஒண்ணு தண்ணியில இருக்குது, போதும். இவ விழுப்புரத்துலயே படிக்கட்டும்."

கப்பல்ல நல்லாத்தான் இருக்கேன்ப்பா என்று, இரவெல்லாம் தயார் செய்ததை, சொல்லிப் பார்த்தேன். "தெரியும்மா" என்று போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.

அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள் போல. அங்கே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பவே பேசியிருந்தா என்னக்கா சொல்லியிருப்ப?"

"போகட்டும்னு."

"நெஜமாவா?"

"நெஜமா."

"சரி விடு." மூக்கை உறிஞ்சினாள். "விழுப்புரம் காலேஜுக்கு வேணும்னு அப்பா கடையில ஒக்கார வெச்சி போட்டோ எடுத்தாரு. கண்ணு வீங்கிக்கினு இருக்குதாம். நாளிக்குக் காலையில வேற எடுக்கலாம்ங்கறாரு."