ஏழு மணி வள்ளம்

எங்கள் அப்பா நெடுந்தீவில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சர். விடிய ஐந்தேகாலுக்கு எழும்புவார். ஆறு மணிக்குத் தேவாரம், ஆறு இருபதுக்குப் புட்டு, எட்டு மணிக்குக் கடைக் கதவு. அவர் தெரு ஒழுங்கையால் போவதைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்தியவர்கள் இருந்தார்கள். அதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுத்ததுமில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆசிரிய கலாசாலை நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அக்காவுக்குக் கடிதம் வந்தது. பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும். ஏழு மணி வள்ளத்தில் அக்கரையில் இருக்கும் குறிகட்டுவானுக்குப் போனால் பஸ் பிடிக்கலாம். அப்பாவால் கடையை விட்டு வர முடியாது. குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்பவும் முடியாது. ஆகவே என் இரட்டைப் பின்னலும் நானுமாக அக்காவுக்குத் துணை என்று தீர்மானமாயிற்று.

அன்று காலை ஆறேகால் இருக்கும். வள்ளக்காரரின் மகள் வேலியோரம் ஓடிவந்தாள்.

"இண்டைக்குக் காத்துப் பிழையாம். வள்ளம் ஆறரைக்கே வெளிக்கிடுதாம்!"

அப்பா தேவாரத்தில் இருந்தார். இடையில் யாராவது குரல் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குவார். அந்தப் பயத்தில் அம்மா வாசலிலேயே காத்து நின்று, அவர் திருநீறு பூசி எழும்பிய பிறகுதான் செய்தியைச் சொன்னார்.

"ஏழு மணி வள்ளம் ஏழு மணிக்குத்தான் வெளிக்கிடும்" என்றார் அப்பா. பிறகு புட்டுச் சாப்பிட்டார்.

நாங்கள் துறைக்குப் போனபோது வள்ளம் கடலில் ஒரு நெருப்புப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிசம் கிடக்கே."

"நேரம் கிடக்கு அப்பா. வள்ளம்தான் இல்லை" என்றாள் அக்கா.

வீட்டில் குரலை உயர்த்தாதவள் அவள். அன்றும் உயர்த்தவில்லை. நேரே அந்தோனி அண்ணையிடம் போனாள். அவர் குறிகட்டுவானில் மீன் கொடுப்பதற்காகத் தன் சின்ன மிசின் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கடல் அடிக்கும் பிள்ளை. பயமில்லையே?"

"பயம்தான் அண்ணை. ஆனால் போகவேணும்."

"ஏலாது! இறங்கு!" என்று அப்பா கத்தினார். அதற்குள் அக்கா என்னையும் தூக்கி உள்ளே இருத்திவிட்டாள். முழங்கால் அளவு தண்ணீர் வரை வந்த அப்பா, வேட்டி நனைய அங்கேயே நின்றார்.

நடுக்கடலில் அலை வள்ளத்துக்குள் விழுந்தது. அந்தோனி அண்ணை என்னிடம் ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியைத் தந்து, "இறை, பிள்ளை" என்றார். அழுதுகொண்டே இறைத்தேன். அக்கா சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, என் சட்டையின் பின்பக்கத்தை மற்றக் கையால் விடாமல் பிடித்திருந்தாள். கரை தெரிந்தபோது அவளுடைய சேலை முழுவதும் உப்புத் தண்ணீர். பஸ் புறப்படும் நேரத்தில் ஓடி ஏறினோம். அந்தச் சேலையோடுதான் அவள் நேர்முகத்துக்குப் போனாள். பிறகு முப்பது வருடம் ரீச்சராக இருந்தாள். எந்தக் கேள்விக்கும் அவள் தயங்கி நின்றதை நான் கண்டதில்லை.

பின்னேரம் காற்று விழுந்த பிறகு, பயணிகள் வள்ளத்தில் திரும்பினோம். துறையில் அப்பா நின்றார். கயிறு பிடித்தவர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மனேச்சர் காலமை தொடக்கம் இதிலைதான் நிக்கிறார். கடையும் திறக்கேல்லை. சனம் அரிசிக் கூப்பனோடை வந்து பாத்திட்டுப் போகுது."

அடி நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாளும் மூடாத கடையையே மூடிவைத்துவிட்டு நிற்கிறார் என்றால், எவ்வளவு கோபம் இருக்க வேண்டும்! ஆனால் அவர் வழி முழுக்க எங்களுக்கு இரண்டு அடி பின்னால் நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உப்புப் போகத் தானே தண்ணீர் அள்ளித் தலையில் வார்த்தார்.

வாளிக்கு மேல் வாளியாக, என் தலையைத் தடவித் தடவி வார்த்துக்கொண்டே இருந்தார். உப்பு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன்.